பேர்ல் கான்டினென்டலில் ஐஹெச்ஜி புள்ளிகள் செல்லுமா?

லாகூரில் உள்ள பேர்ல் கான்டினென்டலும், அதே குழுமத்தின் நடுத்தர விலை விடுதியான ‘ஹோட்டல் ஒன்’ (Hotel One) விடுதியும் இன்டர்கான்டினென்டலின் கிளைகள், எனவே அதே ஐஹெச்ஜி (IHG) விடுதிச் சங்கிலியைச் சேர்ந்த ஹாலிடே இன்னில் தங்கிச் சேர்த்த சலுகைப் புள்ளிகளை அங்கே பயன்படுத்தலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

குழப்பம் வருவது இயல்புதான். கராச்சியிலும் லாகூரிலும் உள்ள பேர்ல் கான்டினென்டல்கள் 1960களில் திறக்கப்பட்டபோது உண்மையிலேயே இன்டர்கான்டினென்டல் விடுதிகள். 1985இல் பாகிஸ்தானின் ஹாஷூ குழுமம் அவற்றை வாங்கி, பேர்ல் கான்டினென்டல் என்று பெயர் மாற்றியது. ‘ஹோட்டல் ஒன்’ விடுதியும் ஹாஷூ குழுமம் தொடங்கியதே. இரண்டும் உள்நாட்டு நிறுவனத்துடையவை. தரத்தைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லவில்லை, புள்ளிகளைப் பற்றி மட்டும்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். ஐஹெச்ஜி செயலியில் லாகூர் என்று தேடிப் பாருங்கள், இந்த இரண்டு பெயர்களும் வராது. அப்புறம் பேர்ல் கான்டினென்டலின் இணையதளத்திலேயே ஹாஷூ பெயர் இருக்கிறது. எந்த விடுதியானாலும், புள்ளிகளை நம்பிப் போகிறவர்கள் அந்தச் சங்கிலி நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதன் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, ரமதா விடுதி வேண்டுமானால் அந்தச் சங்கிலியை நடத்தும் விண்டாம் நிறுவனத்தின் தளத்தில் தேட வேண்டும். நள்ளிரவில் விமானம் இறங்கியபின் வரவேற்பு மேசையில் நின்று இதைத் தெரிந்துகொள்வது பெரிய அலைச்சல்.