எங்கள் மூட்டையில் குத்திப் பாருங்கள்

நேற்று ராத்திரி எங்கள் வாட்ஸப் குழுவில் நடந்த சண்டை, காலையில் என் மோட்டார் ரிப்பேர் கடையைத் திறந்து ரெண்டு மோட்டார் பிரித்த பிறகும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, ஆளுக்கு 19,400 ரூபாய் முழுப்பணமும் கட்டி, கையில் வைத்து விளையாடும் கேம் கருவி ஒன்றுக்கு ஆர்டர் போட்டோம். வெளிநாட்டில் உள்ள ஒரு சின்னக் கம்பெனி. ஆடியில் வரும் என்றார்கள். அப்புறம் தீபாவளி என்றார்கள், அப்புறம் பொங்கல். முதலில் மேல்மூடி வார்க்கிற அச்சில் கோளாறு. அடுத்து ஸ்கிரீன் வந்து சேரவில்லை. அதற்கடுத்து பேட்டரியை விமானத்தில் ஏற்றச் சான்றிதழ் வரவில்லை. ஒவ்வொரு மெயிலையும் நம்பினோம். முந்தாநாள் வந்த மெயிலில்தான் புது விஷயம்: கருவி தயாராகிவிட்டது, முதலில் பத்திரிகைக்காரர்களுக்கும் யூட்யூபில் விமர்சனம் போடுகிறவர்களுக்கும் அனுப்புகிறோம், பணம் கட்டியவர்களுக்கு அதற்கப்புறம்.

தலைஞாயிறில் இருக்கும் நண்பன்தான் முதலில் வெடித்தான். "மாப்ள, பதினாலு மாசமா காத்திருக்கிறது நாம. ஒத்த பைசா கட்டாதவனுக்கு முதல் பெட்டியா? மேட்டூர் தொறந்தா கல்லணையில பூத் தூவுறத டிவியில காட்டுவான். நம்ம வாய்க்கால்ல தவளைகூட நனைஞ்சிருக்காது. அதே கதைதான் இது." அவன் கடைமடைக்காரன், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற ஊர். மேட்டூர் திறக்க வேண்டிய ஜூன் 12 என்பது காலண்டரில் இருக்கும் தேதி, தண்ணீர் என்பது வேறு என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவன். 2024இல் ஜூன் 12 போய் ஜூலை 28ஆம் தேதிதான் மேட்டூர் திறந்தார்கள். அதன்பிறகும் தன் வயல் மதகுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று சைக்கிளில் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தவன் அவன். அவன் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கும்பகோணத்து அண்ணன் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். "விடுங்கடா. நாலு பேர் நல்லதா எழுதினா நாலு ஆர்டர் வரும். கம்பெனி நின்னாதான் நம்ம காசு தப்பும்" என்றார். தஞ்சாவூரில் காலேஜில் பாடம் நடத்தும் தங்கச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "அண்ணே, அவங்களுக்குப் போற பெட்டி எந்த லாட்டுலேர்ந்து போகுது?" லாட் என்றால் ஒரே தடவையில் செய்து இறக்கின தொகுப்பு. அந்தக் கேள்விக்கு யாரும் பதில் போடவில்லை. மற்ற மூணு பேரும் விடியற்காலை ஒரு மணி வரைக்கும் "யார் முதல்" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விளையாட்டுச் சாமானுக்கு நாற்பது வயது ஆட்கள் இப்படி அடித்துக்கொள்வதா என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் பங்குனித் திருவிழா வெண்ணெய்த்தாழி அன்றைக்கு, கோயில் வீதிக் கடையில் எங்கள் தெருவுக்கே ஒன்றாக ஒரு பிரிக் கேம் வாங்கினோம். ரெண்டு பேனா பேட்டரி போடுவது. கட்டம் கட்டமாக மேலிருந்து விழும். ஏழு பேருக்கு அது ஒன்றுதான். ஒருத்தன் தோற்றால்தான் அடுத்தவன் கைக்கு வரும். பேட்டரி தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்துப் பள்ளமாக்கி மறுபடி போடுவோம். அந்த ஏழு பேர்தான் இந்த ஏழு பேர். ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது இப்போதுதான் கைகூடியது. என் பங்கு, சம்பா நடவு சமயத்தில் ராப்பகலாக மோட்டாருக்குக் காயில் கட்டிச் சேர்த்த காசு.

இப்போது என் கருத்து. பத்திரிகைக்காரர்களுக்கு முதலில் கொடுக்கட்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்கிறேன். எனக்கு முன்னால் இன்னொருத்தர் திறந்து பார்த்து, அடித்துப் பார்த்து, குறையை ஊரறியச் சொன்னால் அது எனக்குத்தான் நல்லது. தங்கச்சி கேட்டதுதான் கேள்வி. எதை எடுத்துக் கொடுக்கிறார்கள்?

எங்கள் பெரியப்பா ஒரு வருஷம் தன் நெல்லை ஒரு வியாபாரிக்குப் போட முடிவு செய்தார். துண்டில் ரெண்டு கைப்பிடி நெல்லை முடிந்துகொண்டு போய்க் காட்டினார். வியாபாரி வாங்கிப் பார்த்தார், நல்லாயிருக்கு என்றார். ஆனால் விலை சொல்லவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தார். கையில் குத்தூசி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு, முனை கூர், நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம். அட்டி போட்டு அடுக்கியிருந்த மூட்டைகளை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். மேல் மூட்டையைத் தொடவே இல்லை. நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று, அடியில் ஒன்று. சாக்கில் சரக்கென்று இறக்கி லேசாகச் சாய்த்தால் பள்ளம் வழியாக நெல் உருண்டு உள்ளங்கையில் விழும். ஊசியை உருவிய கையோடு விரல் நுனியால் சாக்கின் இழையைத் தேய்த்து ஓட்டையை மூடிவிடுவார். ரெண்டு கையிலும் நெல்லைக் கசக்கி, உமியை ஊதி, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். முதல் ரெண்டு மூட்டைக்கும் "ம்" என்றார். அடி மூட்டைக்குக் கடித்த வாயை எடுக்காமலே பெரியப்பாவைப் பார்த்தார். ஓடு ஒழுகி அந்த மூட்டை நனைந்திருக்கிறது. உள்ளே முளைவிட ஆரம்பித்திருந்தது. பெரியப்பாவுக்கே தெரியாது. அவர் ஏமாற்றவில்லை. துண்டில் முடிந்து கொண்டுபோனதும் அவர் வயலில் விளைந்ததுதான், பொய்யான சாம்பிள் கிடையாது. ஆனாலும் துண்டில் இருந்த நெல்லுக்கும் அடி மூட்டைக்கும் நடுவில் ஒரு மழை இருந்தது.

பத்திரிகைத் தொழிலுக்கு இந்த ஊசியை விடப் பொருத்தமான சாமான் வேறு கிடையாது. 'விடுதலை' பத்திரிகையில் குத்தூசி என்ற பெயரிலேயே எழுதிய குருசாமி, நம் தஞ்சாவூர் மாவட்டத்துக் குருவிக்கரம்பைக்காரர். நெல் மூட்டை பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்குத்தான் அப்படிப் பெயர் வைக்கத் தோன்றும்.

கம்பெனிகள் பெரும்பாலும் கொடுப்பது துண்டு முடிச்சு. ஒரு கருவி ஒரே நாளில் தயாராகிவிடுவதில்லை. முதலில் கையால் சேர்த்துப் பார்க்கிற சில டஜன், அப்புறம் வடிவத்தைச் சரிபார்க்கிற ஒரு கட்டம், அப்புறம் நிஜத் தொழிற்சாலை வரிசையிலேயே சோதனைக்காக ஓட்டுகிற ஒரு கட்டம். இந்த மூணு கட்டத்தையும் வரிசையாக ஈவிடி, டிவிடி, பிவிடி என்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கில் ஓடும். விமர்சகர் கைக்குப் போவது கையால் பூட்டி, திருகைப் பார்த்துப் பார்த்து முடுக்கி, துடைத்து வைத்த ஒன்றாகவும் இருக்கலாம். நமக்கு வருவது சாயங்கால ஷிப்டில் நாலாயிரத்துச் சொச்சமாவதாகப் பூட்டியது. ரெண்டும் ஒன்று என்று எதை வைத்து நம்புவது?

மோசமான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று அறிவித்தார்களே, ஃப்ரீடம் 251. பத்திரிகைக்காரர்கள் கையில் கொடுத்த போனில் ஆட்காம் என்கிற வேறு கம்பெனியின் பெயர் இருந்தது. அதை ஒயிட்னர் தடவி மறைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்கள் எழுதினார்கள், ஊருக்குத் தெரிந்தது. காட்டின சாம்பிளே இன்னொருத்தர் வயல் நெல்.

நல்ல உதாரணமும் உண்டு. தலைஞாயிறு நண்பன் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். சாம்சங் முதல் மடிப்பு போனை, கேலக்ஸி ஃபோல்டை, 2019 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் விற்பதாக இருந்தது. விலை 1,980 டாலர். அதற்கு முன்னால் விமர்சகர்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு நாளிலேயே சிலர் கையில் ஸ்கிரீன் போய்விட்டது. சிலர் மேலே இருந்த படலத்தை, புது போனில் உரிக்கிற பிளாஸ்டிக் தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். சிலர் எதையும் உரிக்கவில்லை, கீல் இடுக்கு வழியாகத் தூசு உள்ளே போய் ஸ்கிரீனைத் தூக்கிவிட்டது. விற்பனைக்கு நாலு நாள் இருக்கும்போது நிறுத்தினார்கள். படலத்தை விளிம்புக்கு அடியில் செருகி, கீல் இடுக்கை அடைத்து, செப்டம்பரில்தான் விற்றார்கள். அந்த ஒரு வாரம் பத்திரிகைக்காரர்கள் கையில் போகாமல் நேராக வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தால் உடைந்த ஸ்கிரீனை வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றிருப்பது யார்? பணம் கட்டினவன்தானே?

ஆனால் பத்து இருபது கருவியைப் பார்த்து எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். அதே கம்பெனியின் நோட் 7ஐ 2016இல் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆகஸ்ட் 19இல் விற்பனை, செப்டம்பர் 2இல் சுமார் 25 லட்சம் போனைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு, பேட்டரி தீப்பிடித்ததால். லட்சக்கணக்கில் போனால்தான் அந்தக் குறை தலைகாட்டும். பிளேடேட் என்று பக்கவாட்டில் கைப்பிடி சுற்றி விளையாடும் மஞ்சள் நிறக் கருவி. அதில் முதல் 5,000 கருவி பூட்டி முடித்து வந்த பிறகுதான் பேட்டரி தானாக வடிந்து போவதைக் கம்பெனியே கண்டுபிடித்தது. சிலது அடியோடு வடிந்து மறுபடி சார்ஜே ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் பேட்டரி மாற்றினார்கள். 2021 கடைசியில் வரவேண்டியது 2022 ஏப்ரலில்தான் போனது. இதுவும் பெரியப்பா மூட்டை கதைதான். விற்கிறவருக்கே தெரியாத ஈரம்.

என் கடையில் தினமும் பார்க்கிறேன். மேஜையில் வைத்து லைன் கொடுத்தால் எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்தான், சத்தமில்லாமல் சுற்றும். போர்வெல்லில் இறக்கி, தண்ணீர் பாரம் ஏறின பிறகு டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டி எத்தனை ஆம்பியர் கரண்ட் இழுக்கிறது என்று பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். காயில் கட்டின கையோடு "ஓடுதுண்ணே" என்று காட்டிக் காசு வாங்கலாம். நான் வாங்கமாட்டேன். வயலில் இறக்கி ஒரு மணி நேரம் ஓடட்டும், அப்புறம் கொடுங்கள் என்பேன். என் தொழிலில் நான் செய்வதைத்தான் அவர்களிடம் கேட்கிறேன்.

இன்னொன்று பணம். அண்ணன் சொல்கிற மாதிரி நல்லதாக எழுதினால் கம்பெனி நிற்கும், சரி. குறையாக எழுதினால்? எங்கள் காசு முழுசாக உள்ளே போய்ப் பதினாலு மாதமாகிறது. விமர்சனத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வழி இல்லை. அப்படியென்றால் அந்த விமர்சனம் புதிதாக வாங்கப் போகிறவருக்குத்தான் உதவும், முதலில் நம்பினவருக்கு உதவாது. எனக்கு நெஞ்சு எரிவது இந்த இடத்தில்தான். வரிசையில் யார் முன்னால் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஸ்டீம் டெக் என்கிற கையில் வைத்து விளையாடும் கருவி விஷயத்தில் வால்வ் கம்பெனி செய்ததைப் பாருங்கள். முன்பதிவுக்கு வாங்கியது 5 டாலர். 2021 டிசம்பரில் வரவேண்டியது ரெண்டு மாதம் தள்ளிப்போனது. 2022 பிப்ரவரி 25 அன்று விமர்சனங்கள் வெளிவந்தன, அதே நாளில் முதல் வரிசைக்காரர்களுக்கு "இப்போது வாங்கலாம்" என்று மெயில் போனது. முடிவு செய்ய 72 மணி நேரம். படித்துவிட்டு, பிடித்தால் மீதிப் பணம் கட்டு. பத்திரிகைக்காரர் முந்தினது அங்கே யாருக்கும் நஷ்டமில்லை.

விமர்சனம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 2023 ஜனவரியில் மத்திய அரசு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இலவசமாகக் கிடைத்த பொருளைப் பற்றிப் பேசினால் அது இலவசம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம். இலவசம் என்று சொன்னால் மட்டும் போதாது. பெட்டி எந்த லாட்டிலிருந்து வந்தது என்றும் கேட்டுச் சொல்லுங்கள். ஏசி அறையில் பெட்டியைப் பிரித்து வாசனை பார்ப்பதை அரை நிமிஷத்தில் முடியுங்கள். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று ஸ்கிரீன் தெரிகிறதா என்று காட்டுங்கள். முழுசாக சார்ஜ் ஏற்றி பத்து நாள் மேஜை டிராயரில் போட்டு வைத்து எடுத்துப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை கையில் ஒரு சாயங்காலம் முழுக்கக் கொடுங்கள். எங்கள் பிரிக் கேமுக்கு நடந்த சோதனை அதுதான்.

இன்று காலை கம்பெனிக்கு மெயில் எழுதினேன். இங்கிலீஷைத் தங்கச்சி திருத்திக் கொடுத்தது. எங்கள் ஏழு பேர் ஆர்டர் எண்ணையும் கீழே வரிசையாகப் போட்டிருக்கிறோம். நிருபர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்ததை அனுப்பாதீர்கள், எங்களுக்கென்று அடுக்கி ஒட்டிய பெட்டியிலிருந்து, எது என்று பார்க்காமல் ஒன்றை உருவி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறோம். தலைஞாயிறு நண்பனும் கடைசியில் தன் எண்ணைக் கொடுத்துவிட்டான். உருவுகிற பெட்டி என்னுடையதாக இருந்தால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கிறேன் என்று என் பெயருக்கு நேராக எழுதியிருக்கிறேன்.