அளக்காத கிணத்துக்கு நீலக் கலர் போடாதீங்க

வெப் மேப்ல மார்க்கர் (இடத்தைக் காட்டுற புள்ளி) கலரை எப்படி மாத்துறதுனு தேடினா வர்ற பாடம் பூரா ஒரே அச்சு. கையால எழுதின மூணு புள்ளி, சிவப்பு, மஞ்சள், பச்சை, வேலை முடிஞ்சது. டேட்டாபேஸ்ல இருந்து வர்ற மதிப்பு அவ்வளவு சுத்தமாவா இருக்கும்? காலியா வரும், எண்ணு எழுத்தா வரும், வால்ல ஒரு ஸ்பேஸோட வரும். அதைப் பத்தி ஒரு வரி கிடையாது. அப்படியே காப்பி அடிச்சு மேப் போடுறாங்க, அதை நம்பி இன்னொருத்தர் முடிவு எடுக்கிறார். அதான் வயித்தெரிச்சல்.

நிலத்தடி நீர்மட்ட மேப்பையே எடுத்துக்கங்க. தரையில இருந்து எத்தனை மீட்டர் கீழ தண்ணி கிடக்குனு ஒவ்வொரு கண்காணிப்புக் கிணத்துக்கும் ஒரு எண். 5 வரைக்கும் நீலம், 10 வரைக்கும் மஞ்சள், அதுக்கு மேல சிவப்புனு வச்சுக்குவோம். அந்த மாசம் யாரும் போய் அளக்கலைன்னா அந்த இடத்துல 'நல்' (null)னு காலியா வரும். 5-ஐ விடச் சின்னதா, சமமானு கேட்டா ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் காலி மதிப்பை 0-வா எடுத்துக்கிட்டு ஆமாங்கும். போச்சு, நீலம்! வெத்து ஸ்ட்ரிங்குக்கும், அதாவது உள்ள ஒண்ணுமே இல்லாத எழுத்து மதிப்புக்கும், இதே கதிதான். எர்ரர் வராது, கன்சோல்ல ஒரு எச்சரிக்கை வராது. யாருமே எட்டிப் பாக்காத கிணறு, மேப்ல தண்ணி தளும்புற கிணறா நிக்குது. 'நம்பர்'னு போட்டு மாத்தினாலும் தப்பிக்க முடியாது, அதுவும் ரெண்டையும் 0 ஆக்கிடும். 'பார்ஸ்ஃப்ளோட்' போடுங்க, அது காலியை 0 ஆக்காது; 'நம்பர்.இஸ்ஃபைனைட்' வச்சுச் சோதிங்க, தேறாததுக்குச் சாம்பல் கலர். கலர் முடிவு பண்ற ஃபங்ஷன்ல இந்தச் சோதனைதான் முதல்ல வரணும். கடைசி 'எல்ஸ்'ல போட்டா அது வரைக்கும் போகவே போகாது.

அடுத்தது டைப், அதாவது வர்ற மதிப்பு எண்ணா எழுத்தாங்கிறது. சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட்.ஜேஎஸ்ல (Node.js) இருக்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டிரைவர், நியூமெரிக் (தசம எண்), பிக்இன்ட் (பெரிய முழு எண்) ரெண்டையும் ஸ்ட்ரிங்காத்தான் குடுக்கும். நீங்க 'ஸ்விட்ச்'ல 2-னு எண்ணா எழுதியிருப்பீங்க, வர்றது "2". பொருந்தவே பொருந்தாது, எல்லா மார்க்கரும் டீஃபால்ட் கலர்ல நிக்கும். உடனே லைப்ரரியில பக்னு கத்துறது! மதிப்பையும் அதோட டைப்பையும் ஒரு தடவை கன்சோல்ல போட்டுப் பாத்தா என்ன?

வெப் மேப் போடுற லைப்ரரியான லீஃப்லெட்ல 'மார்க்கருக்கு கலர் ஆப்ஷன் எங்க'னு கேக்காதவங்களே இல்ல. இல்லைங்க, கிடையாது. அந்த நீலப் பின் 25-க்கு 41 பிக்சல்ல ஒரு பிஎன்ஜி படம். படத்துக்குக் கலர் சொல்ல முடியாது. கலரைத் திருப்புற 'ஹியூ-ரொட்டேட்'ங்கிற சிஎஸ்எஸ் ஃபில்டரைப் போட்டு ஒப்பேத்தவும் வேண்டாம், நினைச்ச கலர் சரியா வராது. வட்டமா வரையுற 'சர்க்கிள்மார்க்கர்' எடுத்து 'ஃபில்கலர்' குடுங்க. கலரோட அடர்த்தியைச் சொல்ற 'ஃபில்ஒபாசிட்டி' டீஃபால்ட்டா 0.2 தான், அதை 0.9 ஆக்கலைன்னா மஞ்சள் கண்ணுக்கே தெரியாது. பின் வடிவம்தான் வேணும்னா, எச்டிஎம்எல் வைக்க விடுற 'டிவ்ஐகான்'குள்ள அதே அளவுல எஸ்விஜி (கோட்லயே வரையுற படம்). அதுல 'ஐகான்ஆங்கர்' 12, 41-னு குடுக்க மறந்துட்டா படத்தோட நடுப்பகுதி இடத்துல உக்காரும், முனை 20 பிக்சல் கீழ குத்தும். ஜூம் 10-ல நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பிக்சல் சுமார் 150 மீட்டர். கிணறு 3 கிலோமீட்டர் தெற்கே போயிடுச்சு!

தயவுசெஞ்சு கலரோட ஹெக்ஸ் கோடை டேபிள்ல ஒவ்வொரு ரோலயும் எழுதி வைக்காதீங்க. டேபிள்ல அளவு மட்டும் இருக்கட்டும். எல்லையும் கலரும் கோட்ல ஒரே ஒரு இடத்துல. எந்தக் கலர் எதுக்குனு சொல்ற லெஜண்டையும் அதுல இருந்தே வரையுங்க, இல்லன்னா எல்லையை மாத்தின அன்னைக்கே லெஜண்ட் பொய் சொல்லும்.

இவ்வளவும் சரியா பண்ணிட்டு கடைசியில, பக்கத்துப் பக்கத்து மார்க்கரை ஒரே வட்டமாச் சேக்குற மார்க்கர்கிளஸ்டர் பிளகினைச் சேத்து எல்லாத்தையும் கெடுக்கிறாங்க. அதோட டீஃபால்ட் கலர் எண்ணிக்கையை வச்சு வர்றது: 10-க்குக் கீழ பச்சை, 100-க்குக் கீழ மஞ்சள், அதுக்கு மேல ஆரஞ்சு. ஒன்பது வறண்ட கிணறு சேந்தா பச்சை வட்டம்! 'ஐகான்கிரியேட்ஃபங்ஷன்' எழுதி, 'கெட்ஆல்சைல்ட்மார்க்கர்ஸ்'ல உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்து, இருக்கிறதுலயே மோசமான அளவோட கலரை வட்டத்துக்குக் குடுங்க. பத்து பதினஞ்சு வரி வேலைதான்.