சருகு குப்பை இல்லங்க

நம்ம மதுரக்காரங்களுக்கு அழகர்கோவில்னா பதினெட்டாம்படி கருப்பு, தோசைப் பிரசாதம், மேல பழமுதிர்சோலை, நூபுர கங்கைல ஒரு குளியல், அம்புட்டுதான். வேன்ல ஏறுறோம், வேன்ல எறங்குறோம், நடுவுல இருக்குற காட்ட யாரும் பாக்குறதே இல்ல.

போன மார்கழில அம்மா, மூட்டுவலி இருந்தா இருந்துட்டுப் போகுது நடந்தே ஏறுவோம்னு சொல்லிட்டாங்க. பாதி வழில ரோட்டோரம் சருகுக்குள்ள சரக் சரக்னு சத்தம், ஓணான்தான்னு நெனச்சு குனிஞ்சு பாத்தா ஆறுமணிக்குருவி! மைனாவ விட சின்னது, முதுகு பச்சை, இறக்கைல பளிச்சுனு நீலம், கண்ணு வழியா மை தீட்டுன மாதிரி கறுப்புக் கோடு, வாலுக்கு அடில குங்குமச் செவப்பு. காலைலயும் சாயங்காலமும் 6 மணி வாக்குல கத்துறதால அந்தப் பேரு. இமயமல அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் குஞ்சு பொரிக்கிற பறவை, குளிருக்கு நம்ம பக்கம் வந்துருது. மூக்கால ஒரு எலையப் பொரட்டும், தலையச் சாய்ச்சு நிக்கும், அடுத்த எலை. ஒரு மண்புழுவ இழுத்துச்சு பாருங்க, அம்மா என் கையப் புடிச்சது விடவே இல்ல. அடுத்து அது பொரட்டுனது எலை இல்ல, சிப்ஸ் பாக்கெட்டு, வெள்ளிக் கலர் உள்பக்கம் மேல தெரிய, அதையும் ரெண்டு தடவ கொத்திப் பாத்துச்சு. எனக்கு வயிறு என்னமோ பண்ணிருச்சு.

கொஞ்ச தூரத்துல ஒரு குடும்பம் உக்காந்து சாப்புடுறதுக்காக சருகெல்லாம் கூட்டிக் குமிச்சு தீ வைக்கப் போனாங்க. வேணாம்ணேன்னு சொன்னதுக்கு "குப்பையாக் கெடக்குல்ல தம்பி"ங்குறாரு அந்த அண்ணன். நல்ல மனுசன்தான், சொன்னதும் தீப்பெட்டிய உள்ள வச்சுட்டாரு. ஆனா குப்பைங்குற அந்த வார்த்தைதாங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது.

நம்ம மலை வறண்ட காடு, கோடைல தண்ணிய மிச்சம் புடிக்கத்தான் மரம் எலைய உதுக்குது. அந்த எலை மெத்தையாக் கெடந்தாத்தான் அடுத்த மழை மண்ண அரிச்சுட்டு ஓடாம நின்னு உள்ள எறங்கும், அதுக்குள்ளதான் கரையான், பூரான், மண்புழு எல்லாம், அதத் தின்னத்தான் அந்தக் குருவி அம்புட்டுத் தூரம் பறந்து வருது. நூபுர கங்கைல தண்ணி வத்தாம வருதுன்னு கையெடுத்துக் கும்புடுறோம், தண்ணிய உள்ள எறக்கி விடுற சருகக் கொளுத்துறோம், என்னங்க நியாயம் இது? காட்டுல தீ வைக்கிறது சட்டப்படியும் குத்தம்.

தயவுசெஞ்சு சருக அப்பிடியே விடுங்க. சாப்புடணும்னா கீழ கோயில்கிட்ட வந்து சாப்புடுங்க. கொரங்குக்கு பாக்கெட்டப் பிரிச்சுப் போடாதீங்க, அத்தியும் நாவலும் அதுக்கு அங்கயே இருக்கு.

குருவி பறந்ததும் அம்மா அந்த சிப்ஸ் பாக்கெட்ட எடுத்து மஞ்சப்பைல போட்டுக்கிட்டாங்க, அப்புறம் வழி நெடுக குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிட்டேதான் வந்தாங்க. கீழ வந்து சேந்தப்ப பை ரொம்பிருச்சு, அழகர் தோசைய நான் கைலதான் தூக்கிட்டு வந்தேன்.