பேன்டர் வெறும் கிண்டல் இல்லை

உங்கள் கட்டுரையில் 'பேன்டர்' (banter) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கிண்டல்' என்று ஒற்றை வார்த்தையில் பொருள் சொல்லியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. கிண்டலை ஒருவரே செய்துவிட்டுப் போகலாம், பேன்டருக்கு இரண்டு பேர் வேண்டும். இங்கிலாந்தில் நான் வேலை பார்த்த இடத்தில் யாராவது பத்து நிமிடம் தாமதமாக வந்தால், காலை ஒன்பது மணிக்கே 'குட் ஆஃப்டர்நூன்' என்பார்கள். வந்தவரும் சளைக்காமல், 'நேற்று நீ போட்ட டீயைக் குடித்தேன், இப்போதுதான் எழுந்திருக்க முடிந்தது' என்பார். இந்தப் பதிலடி இருந்தால்தான் அது பேன்டர். அதனால்தான் இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை டீஸ் செய்யலாம், ஒருவரோடுதான் பேன்டர் செய்ய முடியும்.

இந்தச் சொல்லின் வேர் அகராதிக்காரர்களுக்கே பிடிபடவில்லை. 17-ஆம் நூற்றாண்டுக் கொச்சை. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்டுக்கு இந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. 1710-ல் பத்திரிகையில் எழுதிப் புலம்பினார், சொல் அசையவில்லை.

அப்புறம், பிரிட்டனில் இப்போது வசைக்கும் இதுதான் சாக்கு. யார்க்‌ஷயர் கிரிக்கெட் கழகத்தில் ஆடிய பாகிஸ்தான் வம்சாவளி வீரர் அசீம் ரஃபீக்கை இனத்தைச் சொல்லி இழிவாக அழைத்ததை விசாரணைக் குழு 'நண்பர்களுக்கு இடையிலான பேன்டர்' கணக்கில் சேர்த்தது 2021-ல் வெளியே வந்தது. அவர் சிரிக்கவில்லை, நாடாளுமன்றக் குழுவின் முன் கண்கலங்கினார்.