கடற்கரை மணலும் பவளத் தொட்டியும்

"பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குத் தேவனாம்பட்டினம் மணலை அலசிப் போட்டால் போதும், அதுவும் கடல் மணல்தானே, நீரின் பிஎச்சை (அமில, காரத் தன்மையின் அளவை) 8.2-ல் பிடித்து வைக்கும்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தப்பு. நம் கடலூர் கரையில் கிடப்பது பெரும்பாலும் ஆறு கொண்டுவந்து கொட்டிய குவார்ட்ஸ், பிஎச்சை மாற்றாத படிகக் கல். பவளத் தொட்டிக்கென்று கடையில் வாங்கும் அரகோனைட் மணல் கால்சியம் கார்பனேட், அதாவது அமிலம் பட்டால் கரையும் சுண்ணாம்பு வகை. ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், அரகோனைட் நுரைக்கும், நம் மணலில் கிளிஞ்சல் துண்டுகள் மட்டும்தான் நுரைக்கும். அப்புறம் அந்தக் கருமணல் இருக்கிறதே, அதில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு, கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்கு அடியில் நாலு துகள் சிக்கினால் போதும், தொட்டி முழுக்கக் கீறல்தான்.

சரி, அரகோனைட்டே போட்டாலும் பிஎச் தானாக நிற்காது. 8-க்கு மேல் இருக்கும் நீரில் அது கரைவதே மிகக் குறைவு, அதனால் ஆல்கலினிட்டியை (பிஎச் இறங்காமல் தாங்கும் நீரின் திறனை) அளந்து பார்த்து, குறைவதை நாம்தான் சேர்க்க வேண்டும்.