மாஸ்டா ரோட்டரி எஞ்சினை விமானத்தில் மாட்டினால் கோளாறே வராதா?

"ரோட்டரி எஞ்சினில் அசையும் பாகங்கள் குறைவு, பழைய மாஸ்டா காரிலிருந்து கழற்றி, வீட்டில் கட்டும் விமானத்தில் மாட்டினால் போதும், கோளாறே வராது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

மாஸ்டாவின் 13பி என்ற ரோட்டரி எஞ்சினில் வால்வு, பிஸ்டன் கிடையாது. அசையும் முக்கிய பாகங்கள், ரோட்டர் எனும் 2 முக்கோணச் சுழலிகளும் ஒரு தண்டும்தான். சரி. ஆனால் அது நல்ல சக்தி தருவது நிமிடத்துக்கு 6,000 சுற்று வாக்கில். புரொப்பெல்லருக்கோ பொதுவாக 2,700 சுற்றே அதிகம். ஆகவே நடுவில் வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸ் கட்டாயம். ரோட்டர்களைக் குளிர்விப்பது ஆயில் என்பதால், ரேடியேட்டரோடு பெரிய ஆயில் கூலரும் வேண்டும். எடைக் கணக்கில் இவற்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

கோளாறு எஞ்சினுக்குள்தான் வரவேண்டும் என்றில்லை. குளிர்விப்பு, எரிபொருள், இக்னிஷன் என்று கட்டுபவரே அமைத்த பகுதிகளிலும் வரலாம். சூடு மீறினால், எஞ்சினுக்குள் கசிவைத் தடுக்கும் சீல்கள் போய்விடும். புகைபோக்கியின் வெப்பத்தைச் சாதாரண சைலன்சர் தாங்காது.