அரைப் பார்சல் இருக்கா?

போன கிழமை கல்முனையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி. மத்தியானத்துக்கு 45 சோற்றுப் பார்சல் சொல்லியிருந்தோம். வந்தவர்கள் 31 பேர். சாப்பாடு முடிந்ததும் கை கழுவப் போன நான் குப்பை வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். பார்க்காமலே வந்திருக்கலாம்.

பிரிக்காத பார்சல்களைக்கூட ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள், நாய்க்காவது ஆகும் என்று. பிரித்த பார்சல்கள்தான் மோசம். மீன் துண்டு போயிருக்கிறது, பருப்பு போயிருக்கிறது, சோறு பாதி அப்படியே கிடக்கிறது. சோறு சுற்றி வந்த லஞ்ச் ஷீட்டை நாலாக மடித்து, பேப்பரால் சுற்றி, ஷொப்பிங் பேக்கில் போட்டு முடிச்சும் போட்டு, மிகவும் துப்புரவாக எறிந்திருக்கிறோம். அதில் ஒன்று என்னுடையது.

அன்று பின்னேரம் பார்த்துத்தான் கனடாவில் இருக்கும் மருமகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். எந்தச் சாப்பாடு பூமியை எவ்வளவு சூடாக்குகிறது என்ற பட்டியல். கீழே, "மாமா, மாட்டிறைச்சிய விட்டுடுங்க." நான் எப்போதடா தின்றேன்?

பட்டியல் பொய்யில்லை. 2018 இல் பூர், நெமெசெக் என்ற இருவர் 119 நாடுகளில் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவுகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். பூமியைச் சூடாக்கும், மனிதர் வெளிவிடும் பச்சைவீட்டு வாயுக்களில் நாலில் ஒரு பங்கு சாப்பாட்டால் வருகிறது, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மாட்டிறைச்சிதான் முதலிடம் என்று அதில் இருக்கிறது. மாடு அசைபோடும்போது மெதேன் என்ற பச்சைவீட்டு வாயு வருகிறது. போதாததற்கு மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் காட்டை அழிக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பட்டியலை எங்கள் பக்கத்தில் சிலர் பகிர்வது பூமிக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து ஊர்க்காரரின் சட்டியைக் குத்திக்காட்ட ஒரு விஞ்ஞானக் காரணம் கிடைத்தது என்ற சந்தோசம் அதில் தெரிகிறது. அந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை. மாட்டிறைச்சியே வேகாத என் வீட்டிலிருந்து என்ன புகை போகிறது என்று பார்த்தேன். சோறுதான்.

பெரியப்பா நாவிதன்வெளிப் பக்கம் வெள்ளாமை செய்கிறார். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்றுப் போகாது. போன போகத்து வைக்கோலும் தாள்க்கட்டையும் காற்றில்லாமல் அடியில் அழுகும். அப்படி அழுகினால் மெதேன். நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் துவாரங்களின் வழியாகவே அது மேலே வந்துவிடுகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் மெதேன் காபனீரொட்சைட்டை விட 27 மடங்குக்குக் குறையாமல் சூடாக்கும். 2021 இல் ஐ.நா. சூழல் திட்டம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதரால் வரும் மெதேனில் சுமார் 32 சதவீதம் கால்நடையால், சுமார் 8 சதவீதம் நெல்லால்.

இதற்கு வழியும் இருக்கிறது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் இறக்கி வைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வற்றிய பிறகு மறுபடி பாய்ச்சினால் மெதேன் பாதியளவுக்குக் குறையும் என்கிறார்கள். படித்ததைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மனே, நமக்குத் தேவையான நேரமா வாய்க்கால்ல தண்ணி வருகுது? முறை வரக்குள்ள கட்டி வைக்கிறதுதான். வத்தினா களை ஏறும். களைக்கு மருந்தடிக்க நீ காசு தாறியா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். 2021 மே மாதம் அரசாங்கம் செயற்கை உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, நவம்பரில் திரும்பவும் விட்டதே, அந்த வருடம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். யூரியா வயலில் இருந்து நைதரசன் வாயுக்களைக் கிளப்புவது உண்மை. ஆனால் சூழல் என்று யாராவது வாயைத் திறந்தாலே அவருக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வருகிறது. அது அவர் பிழையல்ல.

வரம்பில் நிற்கிறவரிடம் கேட்க முன்னர், அவர் விளைவித்ததை நான் என்ன செய்கிறேன்? ஒரு கிலோ நெல்லுக்கு மழையும் வாய்க்காலுமாக ஏறக்குறைய 2,500 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பது உலகச் சராசரிக் கணக்கு. நான் மிச்சம் விட்ட சோற்றில் 100 கிராம் அரிசியாவது இருந்திருக்கும். 250 லீற்றருக்கு மேல் தண்ணீரை லஞ்ச் ஷீட்டில் மடித்து எறிந்திருக்கிறேன். எறிந்த பிறகும் கதை முடியவில்லை. குப்பை மேட்டுக்கு அடியில் அந்தச் சோறு காற்றில்லாமல் அழுகும். திரும்பவும் மெதேன். வயலில் ஒரு தரம், குப்பையில் ஒரு தரம்.

மனிதரால் வரும் மெதேனில் குப்பையும் கழிவுநீரும் தருவது சுமார் 20 சதவீதம் என்று அதே மதிப்பீடு சொல்கிறது. நெல்லை விட இரண்டு மடங்குக்கும் மேல்.

எங்கள் அம்பாறை மாவட்டத்தில் அந்தக் குப்பை மேட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது, பள்ளக்காடு. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்த செய்தி உலகமெல்லாம் போனது. அதற்கு முந்திய எட்டு வருடங்களில் ஏறக்குறைய 20 யானைகள் அங்கே செத்திருந்தன. வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் பொலித்தீனும் சாப்பாடு சுற்றிய உறைகளும் இருந்தன, யானை வழமையாகத் தின்னும் எதுவும் இல்லை. யானைக்கு பொலித்தீன் தின்னும் ஆசையா? உள்ளே சோற்று வாசம் இருக்கிறது. முடிச்சை அவிழ்க்க அதற்குக் கையில்லை, உறையோடு விழுங்குகிறது. முடிச்சுப் போட்டது நாங்கள்.

பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து ஆட்கள் புதைந்த அதே வருடம். மக்கும் ஷீட் என்று சொல்லி விற்பது வந்தது, மக்குகிறதோ தெரியாது, சுற்றுகிற பழக்கம் அப்படியே. வாழையிலைக்குத் திரும்புங்கள் என்று பேசலாம், நானும் மேடையில் பேசுவேன். ஆனால் இலையில் கட்டினாலும் எறிகிற சோறு எறிகிற சோறுதானே. எனக்குக் கோபம் பார்சலின் அளவில். மண்வெட்டி பிடிக்கிறவருக்கும், நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற எனக்கும் ஒரே குவியல். கூடச் சோறு வைத்தால் நல்ல கடை என்று பெயர், அந்தப் பெயரைக் கொடுத்தது நாங்கள்தான்.

சரி என்று திங்கட்கிழமை வழமையான கடைக்குப் போய், "காக்கா, அரைப் பார்சல் இருக்கா?" என்று கேட்டேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, சீனி வருத்தமா?"

இல்லை என்றேன். சோற்றைக் குறைத்து வைத்தார், விலையைக் குறைக்கவில்லை. மீன் துண்டு மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. நேற்றும் போனேன். நான் வாய் திறக்க முன்னரே உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்:

"அந்தச் சீனி வருத்தக்காரத் தம்பிக்கு ஒண்டு கட்டு!"